மொட்டை மாடியில் விமானச் சிக்னல் பிடிக்கும் டாங்கிள்: வண்ணாரப்பேட்டையிலிருந்து ஒரு விமர்சனம்

அவசரத்தில் இருப்பவர்களுக்காக முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தலைக்கு மேல் போகும் விமானம் எது, எவ்வளவு உயரத்தில் போகிறது, என்ன வேகம், எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதையெல்லாம் வேறு யார் தயவும் இல்லாமல் உங்கள் வீட்டு மாடியிலேயே நேரடியாகப் பிடிக்க ஆசை இருந்தால் ஆர்டிஎல்-எஸ்டிஆர் டாங்கிள் வாங்குங்கள். கொடுக்கிற காசுக்கு மேலேயே உழைக்கும். நீல நிற பிளாஸ்டிக் கூடு போட்டு வரும் மலிவு ரகத்தை மட்டும் தவிர்த்துவிடுங்கள், அலுமினியக் கூடு போட்டதாகப் பார்த்து வாங்குங்கள். ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன்.

பார்க்க பென் டிரைவ் மாதிரி இருக்கும். கம்ப்யூட்டரில் டிஜிட்டல் டிவி பார்ப்பதற்காகச் செய்த சாமான் இது. உள்ளே ரியல்டெக் நிறுவனத்தின் ஒரு சிப் இருக்கிறது. அது டிவி சேனலை மட்டுமல்ல, கிட்டத்தட்ட 24 மெகாஹெர்ட்ஸிலிருந்து 1,766 மெகாஹெர்ட்ஸ் வரை எந்த அலையையும் பிரிக்காமல் அப்படியே கம்ப்யூட்டருக்குள் கொண்டுவந்து கொட்டும் என்பதை 2012 வாக்கில் ரேடியோ ஆர்வலர்கள் கண்டுபிடித்தார்கள். அதற்கப்புறம் இந்தச் சாமானின் தலையெழுத்தே மாறிவிட்டது. விமானங்கள் 1,090 மெகாஹெர்ட்ஸில் தங்களைப் பற்றிய விவரத்தைச் சொல்லிக்கொண்டே பறக்கின்றன. இந்த ஏற்பாட்டுக்கு ஏடிஎஸ்-பி என்று பெயர். இருக்கும் இடத்தையும் வேகத்தையும் நொடிக்கு இரண்டு தடவை, விமானப் பெயரை ஐந்து நொடிக்கு ஒரு தடவை, உயரத்தை 25 அடி நுணுக்கத்தில் சொல்லும். ரகசியக் குறியீடு எதுவும் கிடையாது. டம்ப்1090 என்ற இலவச மென்பொருளைப் பழைய லேப்டாப்பிலோ ராஸ்பெரி பை என்ற கையளவுக் கம்ப்யூட்டரிலோ போட்டு, டாங்கிளைச் செருகி, ஒரு ஆண்டெனாவை மாட்டினால் மேப்பில் விமானங்கள் நகர ஆரம்பித்துவிடும்.

செல்போன் செயலியில் இதெல்லாம் வருமே, தனியாக எதற்கு என்று கேட்பீர்கள். அந்தச் செயலிகளுக்கே பெரும்பாலான தகவல் இப்படி மாடியில் டாங்கிள் வைத்திருக்கும் ஆட்களிடமிருந்துதான் போகிறது, அது ஒரு பக்கம். இன்னொரு காரணம் எனக்கு முக்கியமானது. 1960-ல் நியூயார்க்கில் நடந்த ஒரு விமான விபத்தைப் பற்றி ரொம்ப நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். அன்றைக்கு ரேடார் அறையில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு என்ன தெரிந்தது, என்ன தெரியவில்லை என்பதை என் கண்ணாலேயே பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் இதை வாங்கினேன். அதனால் இந்த விமர்சனத்தில் அந்த விபத்தும் வரும். வெறும் விலையும் வசதியும் மட்டும் வேண்டும் என்பவர்கள் கடைசிப் பகுதிக்குத் தாவிவிடலாம்.

1960 டிசம்பர் 16, வெள்ளிக்கிழமை காலை. நியூயார்க்கில் பனியும் மூடுபனியும், மேகம் தாழ்ந்து கிடந்தது. சிகாகோவிலிருந்து யுனைடெட் ஏர்லைன்ஸின் டிசி-8 ஜெட் ஒன்று ஐடில்வைல்டு விமான நிலையத்துக்கு வந்துகொண்டிருந்தது. இன்றைக்கு அதற்கு கென்னடி விமான நிலையம் என்று பெயர். ஒஹாயோ மாநிலத்திலிருந்து டிடபிள்யூஏ நிறுவனத்தின் சூப்பர் கான்ஸ்டலேஷன், அது நாலு புரொப்பெல்லர் வைத்த விமானம், நியூயார்க்கின் இன்னொரு விமான நிலையமான லாகார்டியாவில் இறங்க வந்துகொண்டிருந்தது. 10.33 மணிக்கு இரண்டும் சுமார் 5,200 அடி உயரத்தில் மேகத்துக்குள் மோதிக்கொண்டன. கான்ஸ்டலேஷன் உடைந்து ஸ்டேட்டன் தீவில் இருந்த மில்லர் ஃபீல்டு என்ற ராணுவ விமானத் திடலில் விழுந்தது. டிசி-8 அடிபட்ட இறக்கையோடு இன்னும் எட்டு மைலுக்கு மேல் தட்டுத்தடுமாறிப் பறந்து, புரூக்ளினில் பார்க் ஸ்லோப் என்ற குடியிருப்புப் பகுதிக்கு நடுவே, ஸ்டெர்லிங் பிளேஸும் ஏழாவது அவென்யூவும் சந்திக்கும் இடத்தில் விழுந்தது. டிசி-8-ல் 84 பேர், கான்ஸ்டலேஷனில் 44 பேர், தரையில் 6 பேர், ஆகமொத்தம் 134 உயிர். அதுவரை உலகத்தில் நடந்த விமான விபத்துகளிலேயே இதுதான் பெரியது.

பார்க் ஸ்லோப்பின் பழைய படங்களைப் பாருங்கள். ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் ஒரே சுவர், மூணு நாலு மாடி, கீழே கடை, மூலையில் சர்ச், கொஞ்சம் தள்ளி ஸ்கூல். எங்கள் பக்கத்துத் தெருக்களின் அமைப்பும் இதேதான், அங்கே சிவப்புக் கல், இங்கே சுண்ணாம்பும் சிமெண்டும். விமானம் அந்த ஸ்கூலை ஒட்டிப் போய் விழுந்தது, உள்ளே பிள்ளைகள் இருந்தார்கள், நூலிழையில் தப்பினார்கள். சர்ச் தரைமட்டமானது. வரிசையாகப் பல வீடுகளும் கடைகளும் எரிந்தன. தரையில் இறந்த ஆறு பேர் யார் என்று படித்தபோது எனக்கு அப்படியே மனசு நின்றுவிட்டது. சர்ச்சைப் பார்த்துக்கொண்டிருந்த 90 வயதுப் பெரியவர். தெருவில் பனியை வாரிக்கொண்டிருந்த துப்புரவுத் தொழிலாளி. மூலையில் நின்று கிறிஸ்துமஸ் மரம் விற்றுக்கொண்டிருந்த இரண்டு பேர். கறிக்கடையில் வேலை பார்த்தவர். நாயை நடத்திக்கொண்டு போனவர். காலை பத்தரை மணிக்கு எம்.சி. ரோட்டில் யார் யார் நிற்பார்களோ அவர்கள்தான்.

டிசி-8-ல் இருந்த ஒரே ஒரு ஆள் மட்டும் அன்றைக்கு உயிரோடு கிடைத்தான், 11 வயதுப் பையன். தனியாக ஏறி வந்தவன், கிறிஸ்துமஸுக்கு அம்மாவோடும் தங்கையோடும் சேர வேண்டியவன். பனிக்குவியலில் தூக்கியெறியப்பட்டுக் கிடந்தான். தெருக்காரர்கள் ஓடிப்போய் அவன் உடம்பில் எரிந்துகொண்டிருந்த துணியைப் பனியில் புரட்டி அணைத்தார்கள். ஆஸ்பத்திரியில் அவன் பேசினான், மேலிருந்து பார்த்தபோது பனி மூடிய ஊர் கதைப் புத்தகத்துப் படம் மாதிரி இருந்தது என்று சொன்னான். மறுநாள் காலையில் இறந்துபோனான். அவன் பையில் இருந்த 65 சென்ட் சில்லறையை அவன் அப்பா அந்த ஆஸ்பத்திரியின் தர்ம உண்டியலில் போட்டார். அந்தக் காசுகளை அங்கே ஒரு நினைவுப் பலகையில் பதித்து வைத்தார்கள்.

சரி, எப்படி நடந்தது? இங்கேதான் டாங்கிள் விஷயத்துக்கு வருகிறேன்.

டிசி-8-க்குக் கொடுத்திருந்த உத்தரவு இதுதான்: 5,000 அடிக்கு இறங்கி, பிரஸ்டன் என்ற இடத்தில் வட்டமடித்துக் காத்திரு. பிரஸ்டன் என்பது ஊர் கிடையாது, ஆகாயத்தில் ஒரு கற்பனைப் புள்ளி. தரையில் இருந்து விமானங்களுக்குத் திசை காட்டும் இரண்டு விஓஆர் ரேடியோ நிலையங்களிலிருந்து வரும் கோடுகள் ஒன்றையொன்று வெட்டும் இடம். விமானத்தில் இரண்டு விஓஆர் ரிசீவர் இருக்கும், ஒன்றில் ஒரு நிலையம், இன்னொன்றில் மற்ற நிலையம் என்று வைத்துக்கொண்டால் இரண்டு முள்ளும் சேரும்போது புள்ளி வந்துவிட்டது என்று தெரியும். அன்றைக்கு அதில் ஒரு ரிசீவர் வேலை செய்யவில்லை. விமானிகள் இதைக் கம்பெனிக்குச் சொன்னார்கள், தரைக் கட்டுப்பாட்டு நிலையத்துக்குச் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று அப்போது விதியும் இல்லை. போதாக்குறைக்கு நடுவழியில் பாதையைச் சுருக்கி ஒரு புது உத்தரவு வந்தது, அதனால் பிரஸ்டனுக்கு இருந்த தூரம் சுமார் 11 மைல் குறைந்துவிட்டது. விமானமோ ரொம்ப வேகமாக வந்துகொண்டிருந்தது. பிரஸ்டனை எப்போதோ தாண்டிவிட்ட பிறகு, பிரஸ்டனை நெருங்குகிறோம் என்று விமானிகள் சொன்னார்கள். ஜெட் வேகத்தில் 11 மைல் என்பது ஒன்றரை இரண்டு நிமிஷச் சமாச்சாரம்.

விசாரணை நடத்திய அமெரிக்க அரசின் சிவில் ஏரோநாட்டிக்ஸ் போர்டு தன் அறிக்கையில் காரணம் என்று எழுதியது இதைத்தான்: அனுமதித்த எல்லையையும் ஒதுக்கிய வான்பகுதியையும் தாண்டி டிசி-8 போய்விட்டது. அதிவேகமும் பாதை சுருங்கியதும் அதற்குத் துணைபோயின. விமானத்துக்குள் இருந்த பதிவுக் கருவியில், உலோகத் தகட்டில் ஊசி கீறி வைத்திருந்த கோடுகளைப் படித்துத்தான் இந்த முடிவுக்கு வந்தார்கள். விபத்து விசாரணை ஒன்றில் அந்தக் கருவியின் பதிவை இவ்வளவு விரிவாகப் பயன்படுத்தியது அதுதான் முதல் தடவை.

ரேடார் என்ன செய்துகொண்டிருந்தது என்று கேட்கலாம். லாகார்டியா கட்டுப்பாட்டாளரின் திரையில் இரண்டு புள்ளிகள் இருந்தன. ஒன்று தன்னுடைய டிடபிள்யூஏ விமானம் என்று அவருக்குத் தெரியும். இன்னொன்று யாருடையது, எந்த உயரத்தில் போகிறது, அவருக்குத் தெரிய வழியே இல்லை. வலது பக்கம் ஒரு விமானம் வருகிறது, ஆறு மைல் என்று எச்சரித்தார். அப்புறம் ஜெட் மாதிரி தெரிகிறது, ஒரு மைல் என்றார். அப்புறம் இரண்டு புள்ளிகளும் ஒன்றாகிவிட்டன. அன்றைய ரேடார் வெறும் எதிரொலியைக் காட்டியது, அவ்வளவுதான். உயரம் காட்டாது, பெயர் காட்டாது. விமானி வாயால் சொல்வதுதான் உயரம். புள்ளிகளுக்குப் பக்கத்தில் சின்ன பிளாஸ்டிக் அட்டைகளை வைத்து, அதில் பெயரை எழுதி, விமானம் நகர நகரக் கையால் தள்ளிக்கொண்டிருந்த காலம் அது. ஐடில்வைல்டு பக்கமும் இதே நிலைமைதான், பெரிய கட்டுப்பாட்டு மையம் ரேடார் சேவை முடிந்தது என்று சொல்லி டிசி-8-ஐ அனுப்பி வைத்துவிட்டது. அடுத்த ஆள் அதை ரேடாரில் பிடிப்பதற்குள் எல்லாம் நடந்துவிட்டது.

இப்போது எங்கள் மாடிக்கு வாருங்கள். சிங்கப்பூர் பக்கமிருந்து வளைகுடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் போகிற விமானங்களில் நிறைய சென்னையைத் தாண்டித்தான் போகின்றன. டெல்லியிலிருந்தும் கொல்கத்தாவிலிருந்தும் மீனம்பாக்கத்துக்கு இறங்க வருபவை இன்னொரு கூட்டம். ராத்திரி நேரம் மேப்பைத் திறந்து வைத்தால் மணலிக்கு மேலே இரண்டு புள்ளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து ஒரே புள்ளியாகி மறுபடி பிரிவதைப் பார்க்கலாம். முதல் தடவை பார்த்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது உண்மை. ஆனால் பக்கத்திலேயே எண் இருக்கிறது: ஒன்று 35,000 அடி, இன்னொன்று 36,000 அடி. நடுவில் ஆயிரம் அடி இடைவெளி, இரண்டும் அதனதன் வழியில் போகின்றன. லாகார்டியாவில் உட்கார்ந்திருந்தவருக்கு அந்த ஒரு எண் கிடைக்கவில்லை. 134 பேரின் கதையில் எனக்குப் புத்தகத்தில் புரியாமல் இருந்தது திரையில் அந்த எண்ணைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. இந்த டாங்கிளுக்கு நான் கொடுக்கும் மதிப்பெண்ணில் பாதி இதற்காகவே.

இது அமெரிக்கப் பழங்கதை என்று நினைக்க வேண்டாம். 1996 நவம்பர் 12-ம் தேதி ஹரியானாவில் சர்க்கி தாத்ரிக்கு மேலே சவுதி விமானமும் கஜகஸ்தான் விமானமும் மோதி 349 பேர் இறந்தார்கள். கஜகஸ்தான் விமானம் 15,000 அடியில் நிற்காமல் 14,000 அடிக்கு இறங்கிவிட்டது. டெல்லியில் அன்றைக்கு இருந்த ரேடாரும் உயரம் காட்டாத ரேடார்தான். பார்க் ஸ்லோப் நடந்து 36 வருஷம் கழித்தும் அதே குறை. அந்த விமானங்கள் வயல்களில் விழுந்ததால் தரையில் யாரும் சாகவில்லை. 2025 ஜூன் 12 அகமதாபாத்தில் அப்படி இல்லை, ஏர் இந்தியா விமானம் மருத்துவக் கல்லூரி விடுதிக் கட்டடத்தின் மேலேயே விழுந்தது, தரையில் மட்டும் 19 பேர். சாப்பாட்டு நேரம்.

பார்க் ஸ்லோப்புக்குப் பிறகு விதிகள் மாறின என்பதையும் சொல்ல வேண்டும். வழிகாட்டும் கருவி பழுதானால் உடனே தரைக் கட்டுப்பாட்டுக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்றார்கள். காத்திருக்கும் புள்ளிக்கு வருவதற்கு மூன்று நிமிஷம் முன்பே வேகத்தைக் குறைக்க வேண்டும் என்றார்கள். இறங்கும் விமான நிலையத்திலிருந்து 30 கடல் மைலுக்குள், 10,000 அடிக்குக் கீழே, மணிக்கு 250 கடல் மைலுக்கு மேல் வேகம் கூடாது என்றார்கள். இந்தக் கடைசி விஷயத்தை டாங்கிள் வைத்துப் பார்ப்பது ஒரு தனி அனுபவம். மீனம்பாக்கத்துக்கு வரும் விமானங்கள் ஒவ்வொன்றும் 10,000 அடியைத் தொடும் முன்பே வேகத்தை உதிர்த்துக்கொண்டு வருவதைத் திரையில் எண் எண்ணாகப் பார்க்கலாம். ஒன்றிரண்டு அல்ல, வரிசையாக எல்லாமே. திரையில் வருவது தரையோடு ஒப்பிட்ட வேகம், காற்று தள்ளுவதும் அதில் சேர்ந்திருக்கும், அதனால் 250-க்கு மேல் தெரிந்தால் உடனே விதிமீறல் என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

எங்கள் பகுதிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று யாராவது கேட்டால் எனக்குப் பதில் இருக்கிறது. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர்ப் பக்கம் கடலுக்கடியில் போகும் குழாயிலிருந்து அமோனியா கசிந்தபோது பெரியகுப்பம், சின்னகுப்பம் ஜனங்கள் மூச்சுத் திணறித் தூக்கத்திலிருந்து எழுந்து ஓடினார்கள். என்ன வாயு, எங்கிருந்து வருகிறது, எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று அவர்களுக்குச் சொல்ல அந்த நேரத்தில் ஒரு கருவியும் இல்லை. அதே மாதம்தான் வெள்ளத்தோடு எண்ணெயும் முகத்துவாரத்தில் பரவியது. தொழிற்சாலையும் துறைமுகமும் குழாயும் ரயிலும் நம்மைச் சுற்றி இருக்கின்றன, அவற்றின் விவரமெல்லாம் வேறெங்கோ ஒரு அறையில் இருக்கிறது. விமான விஷயத்தில் மட்டுமாவது அந்த விவரம் பூட்டில்லாமல் காற்றில் வருகிறது, ஒரு சின்ன சாமானை வைத்து வண்ணாரப்பேட்டை மாடியில் யாரும் எடுத்துக்கொள்ளலாம். காற்றில் என்ன கலந்திருக்கிறது என்பதையும் இப்படித் தெருவுக்குத் தெரு பார்க்க முடிகிற நாள் வர வேண்டும் என்பது என் ஆசை. அதை இங்கே சொல்லாமல் வேறெங்கே சொல்வது.

இதே டாங்கிளில் கப்பலையும் பிடிக்கலாம், இது வடசென்னைக்காரர்களுக்குக் கூடுதல் லாபம். கப்பல்கள் ஏஐஎஸ் என்ற முறையில் 162 மெகாஹெர்ட்ஸை ஒட்டித் தங்கள் பெயர், திசை, வேகத்தைச் சொல்கின்றன. சென்னைத் துறைமுகம், எண்ணூர் காமராஜர் துறைமுகம், காட்டுப்பள்ளி மூன்றுக்கும் வந்து போகும் கப்பல்கள் வரிசை கட்டி நிற்பது தெரியும். காசிமேட்டில் விசைப்படகு வைத்திருக்கும் அண்ணன் ஒருவரிடம் காட்டினேன், ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, “இது எங்க கையில இருந்தா ராத்திரி வலை போட்டுட்டு நிம்மதியா கண்ண மூடலாம் தம்பி” என்றார். 2017 ஜனவரி 28 விடியற்காலையில் எண்ணூருக்கு வெளியே இரண்டு பெரிய கப்பல்களே மோதி எண்ணெய் கொட்டியதை நேற்று நடந்தது போல விவரித்தார். ஒரே டாங்கிள் ஒரே நேரத்தில் விமானம், கப்பல் இரண்டையும் பிடிக்காது. ஒன்றை நிறுத்திவிட்டு மற்றதை ஓட்ட வேண்டும், ஆண்டெனாவும் மாற்ற வேண்டும். இரண்டும் தொடர்ந்து வேண்டுமென்றால் இரண்டு டாங்கிள்.

இனி வாங்குபவர்களுக்கான விஷயங்கள்.

நீல பிளாஸ்டிக் ரகம் கிட்டத்தட்ட இரண்டாயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. உள்ளே சிப் அதேதான், ஆனால் சூடு வெளியே போக வழி இல்லை. சித்திரை வெயிலில் மாடிப்படி அறையில் வைத்தால் கை வைக்க முடியாத அளவுக்குச் சுடுகிறது, சுடச்சுட அலைவரிசை நகர்ந்து, பிடிக்கும் விமானங்களின் எண்ணிக்கை விழுகிறது. அலுமினியக் கூடு ரகம் விலை அதிகம்தான், ஆனால் கூடே சூட்டை வாங்கி வெளியே விடுகிறது, ஆண்டெனா ஒயரைத் திருகி மாட்டும் எஸ்எம்ஏ கனெக்டரும் உறுதியாக இருக்கிறது. எனக்கு முதலில் டாங்கிள் விற்ற கடையில், “சார், இது டிவி டியூனர்தான், ஏரோபிளேன்லாம் இதுல வராது” என்று சாதித்தார்கள், கூடவே கொடுத்த ஆண்டெனாவின் காந்தம் முதல் வாரமே கழன்று வந்துவிட்டது. மாற்றித் தர மறுத்துவிட்டார்கள். ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்குவதாக இருந்தால் சிப் எண்ணைக் கேட்டு, பெட்டியைத் திறந்து பார்த்து, பில் போட்டு வாங்குங்கள்.

கூட வரும் சின்ன ஆண்டெனா 1,090-க்காகச் செய்தது அல்ல. ஜன்னலில் வைத்தால் கொஞ்சம் பிடிக்கும், அவ்வளவுதான். வீட்டு ஒயரிங்குக்குப் போடும் ஒற்றைக் கம்பிச் செம்பு ஒயரில் 69 மில்லிமீட்டர் நீளத்துக்கு ஐந்து துண்டு வெட்டி, ஒன்றைச் செங்குத்தாகவும் மற்ற நாலைச் சிலந்திக் கால் மாதிரி கீழே சாய்த்தும் பற்றவைத்தால் அருமையான ஆண்டெனா ரெடி. செலவு நூறு இருநூறுக்குள் முடிந்துவிடும். தண்ணீர்த் தொட்டிக்கு மேலே குழாயில் கட்டியபோது வித்தியாசம் தெரிந்தது, கிழக்கே கடல், தடுக்க எதுவும் இல்லாததால் வங்காள விரிகுடாவுக்கு மேலே ரொம்ப தூரத்தில் வரும்போதே விமானம் திரையில் ஏறிவிடுகிறது. 35,000 அடியில் போகும் விமானத்துக்குக் கணக்குப்படி நானூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல் வரை பிடிக்க வாய்ப்பு உண்டு. அதற்கு மேல் பூமியின் வளைவு மறைத்துவிடும். மேற்கே அப்படி இல்லை, அடுக்குமாடிகள் மறைக்கின்றன. மீனம்பாக்கத்தில் தரை தொடப்போகும் விமானங்கள் கடைசி ஆயிரம் அடியில் என் திரையிலிருந்து மறைந்துவிடுகின்றன. ஓடுபாதையில் நிற்பவை தெரியவே தெரியாது. வடசென்னையில் எங்கே வைத்தாலும் இந்தக் குறை இருக்கும் என்று எதிர்பாருங்கள்.

உப்புக்காற்றுதான் பெரிய எதிரி. ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் மாதிரிக் கடலை ஒட்டிய இடமென்றால் கனெக்டரில் பச்சை பூத்துவிடும், வாட்டர்ப்ரூஃப் டேப்பை இழுத்துச் சுற்றியே ஆக வேண்டும். செல்போன் டவர் பக்கத்தில் இருந்தால் அதன் இரைச்சலில் டாங்கிள் செவிடாகிவிடும், மற்ற அலைகளைத் தடுக்க 1,090-க்கென்று தனி ஃபில்டர் விற்கிறார்கள், அதைப் போட்டதும் எனக்கு நிலைமை சீரானது. காத்தாடி சீசனில் அறுந்த நூல் ஆண்டெனாவில் சிக்கும், மாஞ்சாவாக இருந்தால் கையால் இழுக்காதீர்கள், கத்தரியால் வெட்டி எடுங்கள். இடி மழை வந்தால் ஒயரைக் கழற்றிவிடுங்கள்.

பக்கத்து மாடி அக்கா ஆண்டெனாவைப் பார்த்துவிட்டு, “தம்பி, இது டவரா? வீட்ல சின்னக் குழந்தை இருக்குப்பா” என்று பயந்து கேட்டார். நியாயமான கேள்வி. இந்தச் சாமான் எதையும் வெளியே அனுப்பாது, வருவதை வாங்க மட்டும்தான் செய்யும், ரேடியோப் பெட்டி மாதிரி. திரையைக் காட்டி விளக்கினேன். இப்போது அவர் பையன் துபாயிலிருந்து வரும்போது விமானம் எங்கே வருகிறது என்று மாடியிலிருந்தே குரல் கொடுத்துக் கேட்கிறார். உங்கள் பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும் மாட்டும் முன்பே சொல்லிவிடுங்கள்.

ஒரு விஷயத்தில் கவனம் தேவை. இது பாதுகாப்புக் கருவி கிடையாது. விமானம் தன்னைப் பற்றிச் சொல்வதைத்தான் காட்டுகிறது, சொல்லாத விமானம் திரையில் இருக்காது. உயரம் திடீரென்று பூஜ்யம் காட்டினாலோ விமானம் மேப்பிலிருந்து காணாமல் போனாலோ உடனே படம் பிடித்து வாட்ஸ்அப்பில் போடாதீர்கள். பெரும்பாலும் அது சிக்னல் விட்டுப்போனது, அல்லது ஒரு கட்டடம் மறைத்தது. யாரோ ஒருவருடைய அம்மாவோ பிள்ளையோ அந்த விமானத்தில் வந்துகொண்டிருப்பார்கள்.

வேகமாக முடிவு வேண்டும், ஒயர் வெட்டவும் லினக்ஸில் நாலு கட்டளை தட்டவும் பொறுமை இல்லை என்பவர்களுக்கு இது சரிப்படாது, செயலியே போதும். பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ படிக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் கட்டாயம் வாங்கிக் கொடுங்கள், அலைநீளம் என்றால் என்ன என்பதை 69 மில்லிமீட்டர் ஒயரை வெட்டும்போது அவர்களாகவே கண்டுபிடிப்பார்கள்.

கடைசியாக ஒயர் விஷயம். ஆண்டெனாவிலிருந்து டாங்கிள் வரைக்கும் கடைக்காரர் ஆர்ஜி-58 என்ற ஒயரைக் கொடுத்தால் வாங்காதீர்கள், இந்த அலைவரிசையில் அது மீட்டருக்கு மீட்டர் சிக்னலைத் தின்றுவிடும். டிஷ் டிவிக்குப் போடும் ஆர்ஜி-6 ஒயரே நல்லது, விலையும் குறைவு, உங்கள் தெரு கேபிள்காரரிடமே கிடைக்கும். அதையும் எவ்வளவு குட்டையாக வைக்க முடியுமோ அவ்வளவு குட்டையாக வையுங்கள், டாங்கிளையும் ராஸ்பெரி பையையும் மாடிப்படி அறையிலேயே நிழலில் வைத்துவிட்டு, கீழே வீட்டுக்கு வைஃபை வழியாகப் பார்த்துக்கொள்ளலாம்.